தாவுகிறவனின் பங்கு

கோடை வந்தால் கல்லாறு வற்றிவிடும். பாறையும் மணலும்தான் மிஞ்சும். ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அது ஒரு கரை விலங்குகளுக்குத்தான் காணும். இரண்டு கரையும் வாய் வைத்தால் கோடை பாதியிலேயே சேறாகிவிடும்.

முன்பெல்லாம் அந்தத் தண்ணீருக்காகக் கடித்துக் குதறிக்கொண்டன. செத்தது போதும் என்று ஆன பிறகு ஒரு பந்தயம் வைத்துக்கொண்டன. கோடை பிறக்கும் நாளில் ஆட்டம். ஜெயிக்கிற கரைக்கு மடு. தோற்கிற கரை மலை தாண்டி ஏரிக்கு நடக்க வேண்டும். அந்த வழியெல்லாம் செந்நாய்கள்.

ஆட்டம் இதுதான். ஆற்றின் நடுவே பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. உச்சியில் ஒரு பொந்து. கீழேயிருந்து ஒருவர் விளாங்காயை எறிய வேண்டும். பக்கத்து மரத்திலிருந்து ஒருவர் தாவி, அதை அந்தரத்தில் பிடித்துப் பொந்துக்குள் போட வேண்டும். வெயில் ஏறி, மருதமரத்தின் நிழல் அடிமரத்தோடு ஒட்டும்போது ஆட்டம் முடியும். யார் அதிகம் போட்டார்களோ அவர்களுக்கு வெற்றி.

கிழக்குக் கரைக்கு எறிகிறவள் சாம்பி. சாம்பல் நிறக் காட்டுப்பன்றி. காயை மூக்கு நுனியில் ஏந்தி ஒரு வெட்டு வெட்டினால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகும். தாவுகிறவன் நெடுவாலன். மூன்று கோடைக்கு முன்னால் வேறு காட்டிலிருந்து வந்த கருங்குரங்கு. அவன் வந்த பிறகு கிழக்குக் கரை தோற்றதே இல்லை.

அவனுக்குச் சம்பளம் அத்திப்பழம். கரையில் இருந்தது ஒரே அத்திமரம். விடிந்ததும் நரியார் அதன் அடியில் உட்கார்ந்து எல்லாருக்கும் படியளப்பார். குடும்பத்துக்கு ஒரு பங்கு. நெடுவாலனுக்கு மட்டும் ஐந்து பங்கு. அதை எல்லார் கண்ணிலும் படும்படி தட்டைப் பாறைமேல் குவித்து வைப்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மரம் பாதிதான் காய்த்தது. எல்லாருடைய பங்கும் சுருங்கியது. நெடுவாலனின் குவியல் மட்டும் சுருங்கவில்லை.

சேற்றுக்குழியில் கூடும்போதெல்லாம் அதுதான் பேச்சு.

"குதிக்கிறதுக்கு ஐந்து பங்கா?" என்றது முயல். "நானும் பிறந்ததிலிருந்து குதிக்கிறேன். யாராவது ஒரு இலை கொடுத்தீர்களா?"

"நீ குதித்தால் புல்லுக்கு மேலே இரண்டு காது தெரியும்" என்றது முள்ளம்பன்றி. "அதைப் பார்க்க யார் வருவார்கள்?"

"அவன் தாவாவிட்டால் நாம் ஏரிக்கு நடக்க வேண்டியதுதான்" என்றது உடும்பு.

"எறிகிறவள் நம் சாம்பி. அவளுக்கு என்ன? ஒரு பங்கு!" என்றது முயல். "அவள் எறியாமல் இவன் வானத்திலிருந்தா காயைப் பிடுங்குவான்?"

சாம்பி ஓரமாகப் படுத்திருந்தாள். அவளுக்கு நான்கு வரிக்குட்டிகள். மடியில் பால் வற்றிக்கொண்டிருந்தது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, காய்ந்த மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. முயல் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் அவள் நரியாரிடம் போனாள்.

"இந்தப் பங்கு என் பிள்ளைகளுக்குப் போதவில்லை. கொஞ்சம் கூட்டித் தாருங்கள்."

நரியார் பெருமூச்சு விட்டார். "தர மாட்டேன் என்றா சொல்கிறேன், அம்மா? எனக்கும் மனசு இருக்கிறது. ஆனால் தட்டைப் பாறையைப் பார். மரம் கொடுக்கிறதை எல்லாம் அவன் ஒருத்தன் வாரிக்கொண்டு போகிறான். குறைத்தால் மேற்குக் கரைக்கு ஓடிவிடுவான். நான் என்ன செய்யட்டும்?"

சாம்பி அங்கிருந்து நேராகத் தட்டைப் பாறைக்கு நடந்தாள். நெடுவாலன் குவியலுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, இவ்வளவும் நீயேதான் தின்கிறாயா?"

"காக்காய் கொஞ்சம் கொத்திக்கொண்டு போகும். மிச்சம் நான்தான்."

"வெட்கமாக இல்லை?"

"எதுக்கு அக்கா வெட்கம்? திருடியா தின்கிறேன்?" அவன் இடுப்பைத் தடவிக்கொண்டான். "இது போன வருஷத்திலிருந்தே மடங்க மாட்டேன் என்கிறது. இன்னும் இரண்டு கோடை தாவுவேனா, தெரியாது. அதுக்கப்புறம் இந்தக் கரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்போது தின்றால்தான் தின்றது."

"நான் எறியாவிட்டால் நீ எப்படித் தாவுவாய்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நீயும் கூடக் கேள். நான் வந்து உனக்காகப் பேசுகிறேன். ஒன்று தெரியுமா? காயை நான் பார்க்கிறதே இல்லை. உன் மூக்கு நிமிர்ந்தால் தாவிவிடுவேன். காய் அங்கே வந்து நிற்கும். வேறு யார் எறிந்தாலும் எனக்கு அந்தத் தைரியம் வராது."

அவன் இரண்டு கை நிறையப் பழத்தை அள்ளி அவள் முன்னால் வைத்தான். "குட்டிகளுக்கு எடுத்துக்கொண்டு போ."

பழுத்த அத்தியின் வாசம் மூக்கில் ஏறியது. சாம்பிக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீ தின்று மிஞ்சியது என் குட்டிகளுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நடக்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு தடவை அவன் தவறவிட்டால் போதும். ஒரே ஒரு தடவை. இவனும் தவறுகிறவன்தான் என்று கரையே பார்க்கும். பங்கு தானாகக் குறையும். ஒரு காய் போனால் ஆட்டமா போய்விடும்?

ஆட்ட நாள் வந்தது. இரண்டு கரையிலும் கூட்டம். நரியார் நிழல் பார்த்து இடம் பிடித்துக்கொண்டார். மேற்குக் கரைக்காக ஓர் இளங்குரங்கு தாவியது. வேகம் இருந்தது, பக்குவம் இல்லை. வெயில் ஏற ஏறக் கிழக்குக் கரை முன்னால் போய்விட்டது. சாம்பியின் மூக்கு நிமிரும், நெடுவாலன் பறப்பான், காய் பொந்துக்குள் விழும் சத்தம் கேட்கும். பார்த்துக்கொண்டிருந்த முயல்கூடப் பொறாமையை மறந்து வாய் பிளந்தது.

இனி ஒரு காய் போனால் பரவாயில்லை என்று சாம்பி நினைத்தாள்.

அடுத்த காயை மூக்கில் ஏந்தினாள். மூக்கு நிமிர்ந்தது. நெடுவாலன் தாவினான். அவள் கடைசி நொடியில் கழுத்தை இழுத்துக்கொண்டாள். காய் தாழ்ந்து, பக்கவாட்டில் போனது.

விட்டுவிடுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் விடுகிறவன் இல்லை. அதற்குத்தான் ஐந்து பங்கு. அந்தரத்திலேயே உடம்பை முறுக்கிக் காயை எட்டிப் பிடித்தான். பிடித்த கையோடு பொந்தை எட்ட முடியவில்லை. கால் வைக்க எதுவும் இல்லை. அத்தனை உயரத்திலிருந்து ஆற்றுப் பாறையில் விழுந்தான்.



சாம்பி ஓடினாள். அவன் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கையில் காய் இன்னும் இருந்தது.

"மூக்கு வழுக்கிவிட்டதா, அக்கா?"

"ஆமாம், தம்பி."

"வெயிலில் காய் வழுக்கும்" என்றான் அவன். "குற்றம் உன்மேல் இல்லை. நான் பார்த்துத் தாவியிருக்க வேண்டும். போ, போய் எறி. நேரம் இருக்கிறது."

நேரம் இருந்தது. தாவத்தான் யாரும் இல்லை. அணில் ஒன்று முயன்று பார்த்தது. விளாங்காய் அதைவிடப் பெரிது. மேற்குக் கரை ஒவ்வொன்றாகப் போட்டு எட்டிப் பிடித்து, தாண்டியும் போனது. நிழல் அடிமரத்தோடு ஒட்டியபோது மடு மேற்குக் கரையுடையதாகியிருந்தது.

நெடுவாலனை இழுத்து ஒரு புதரடியில் போட்டார்கள். தரையில் கிடக்கும் குரங்குக்குக் காட்டில் ஆயுள் குறைவு. மறுநாள் காலை அங்கே வால் மட்டும் கிடந்தது.

சாம்பி அதைப் பார்த்துவிட்டு அத்திமரத்தடிக்குப் போனாள். தட்டைப் பாறை காலியாக இருந்தது. படியளப்பு முடிந்திருந்தது. அவளுடைய பங்கு நேற்று இருந்த அளவேதான் இருந்தது.

"நரியாரே, அவனுடைய ஐந்து பங்கு இனி எங்களுக்குத்தானே?"

"அதெப்படி?" என்றார் நரியார். "புதுசாக ஒருத்தனைக் கூட்டிவர வேண்டாமா? வருகிறவன் சும்மா வருவானா? அதுவரை மரத்திலேயே இருக்கட்டும்."

"மரத்தில் இருந்தால் உதிர்ந்துவிடுமே."

"உதிர்ந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

சாம்பி அவரையே பார்த்தாள். அந்த வறட்சியில் கரையில் விலா எலும்பு தெரியாத உடம்பு அது ஒன்றுதான். அவருக்குப் பின்னால், மரத்தின் மறுபக்கத்தில், கிளைகள் பழம் தாங்காமல் தொங்கின. கிட்டத்தட்ட அரை மரம்.

"அந்தப் பக்கம்?"

"அது எங்கள் பக்கம், அம்மா. என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். உனக்குத் தெரியாதா என்ன?"

அவளுக்குத் தெரியும். முயலுக்கும் தெரியும், முள்ளம்பன்றிக்கும் தெரியும். அந்தப் பழத்தை யாரும் தட்டைப் பாறையில் குவித்துக் காட்டியதில்லை. அதனால் சேற்றுக்குழியில் யாரும் அதைப் பேசியதும் இல்லை.

"இந்தக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நான் மலை தாண்ட வேண்டும்" என்றாள் சாம்பி.

"பத்திரமாகப் போய் வா" என்றார் நரியார். "கால் ஓய்ந்துபோன எனக்கு அவ்வளவு தூரம் ஆகாது. மேற்குக் கரையில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாய் தண்ணீர் தராமலா போவார்கள்?"

கிழக்குக் கரை விலங்குகள் கூட்டமாகப் புறப்பட்டன. மலைச்சரிவில் புல் கருகிக் கிடந்தது. ஒளிய இடமில்லை. முதலில் பின்னாலிருந்து செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. பிறகு பக்கத்திலிருந்தும் கேட்டது.

"அவன் மட்டும் இருந்திருந்தால்" என்று முயல் மூச்சிரைக்கச் சொன்னது. "ஐந்தென்ன, ஆறு பங்குகூடக் கொடுத்திருக்கலாம்."

"வாயை மூடிக்கொண்டு ஓடு" என்றாள் சாம்பி.

அவள் குட்டிகளை நடுவில் விட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் பாய்ந்து விரட்டினால் மறுபக்கம் வந்தன. கோரைப்பல்லில் ரத்தம் வழிய அவள் திரும்பும்போதெல்லாம் நடுவில் ஒரு குட்டி குறைந்திருந்தது.

ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. அவளோடு இறங்கிக் குடிக்க ஒரு குட்டிதான் இருந்தது.

தங்களோடு சேர்ந்து பாடுபடுகிறவன் வாங்கும் கூலியையே அளந்துகொண்டிருப்பவர்கள், பாடுபடாமல் உட்கார்ந்து அளந்து கொடுக்கிறவன் தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொள்கிறான் என்று கேட்க மறந்து, கடைசியில் கூட்டாளியையும் தங்கள் பங்கையும் இழப்பார்கள்.