ஓடத்தில் நட்ட நாவல் கிளை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜா இல்லாத காலம் எங்கே இருந்தது, சொல்லுங்கள். அவர் சபையில் மாசிலான் என்றொரு விகடகவி. முப்பது வருஷமாக அடுத்தவரைச் சிரிக்க வைத்தே அலுத்துப்போன கிழவர்.

அந்த ஊர்த் தத்துவ மண்டபத்து வாசலில் ஒரு நாவல் கிளை நட்டிருப்பார்கள். வாதுக்கு வா என்று அர்த்தம். பத்து வருஷமாக ஒருவரும் வரவில்லை. உள்ளே பண்டிதர்கள் ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் உரை எழுதி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டமெல்லாம் ஆற்றுத்துறையில்தான். அங்கே ஓடக்காரி பூவாயி, புருஷனை வெள்ளத்தில் பறிகொடுத்தவள், ஏறுகிறவர்களிடமெல்லாம் "போனவன் எங்கதான் போறான்?" என்று கேட்பாள். அக்கரை சேரும்வரை ஆளுக்கொன்று பேசுவார்கள்.

தலைமைப் பண்டிதர் தர்க்கசிகாமணிக்கு அது பொறுக்கவில்லை. "பட்டமில்லாதவர்கள் தத்துவம் பேசினால் மண்டபம் எதற்கு, மன்னா?" என்று ராஜாவின் காதைக் கடித்தார்.

"இனி நாவல் கிளை நட்ட இடத்தில் மட்டுமே தத்துவம் பேசலாம். மீறினால் நாடு கடத்துவோம். மாசிலானே, நாளைக்குள் இதை நிறைவேற்றும். தவறினால் உமக்கும் அதே கதி" என்றார் ராஜா.

"உத்தரவு மகாராஜா" என்றார் மாசிலான். எதிர்த்துப் பேச அவருக்குத் தெம்பில்லை.

மறுநாள் ராஜாவும் பண்டிதரும் துறைக்கு வந்தால், பூவாயி வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஓடத்தின் முனையில் ஒரு சட்டி மண். அதில் நாவல் கிளை.

"என்ன இது?" என்றார் ராஜா.

"தாங்கள் சொன்னபடியேதான், மகாராஜா. கிளை நட்ட இடத்தில்தான் பேசுகிறார்கள். கிளையைக் கண்டும் வாதுக்கு வராத பண்டிதர் பட்டத்தைத் துறக்க வேண்டும் என்பது மண்டபத்து வழக்கம். ஐயா ஏறட்டும்" என்றார் துறையில் காத்திருந்த மாசிலான்.

வேறு வழியில்லாமல் தர்க்கசிகாமணி ஏறினார். ராஜாவும் மாசிலானும் கூடவே ஏறிக்கொண்டார்கள். பூவாயி அதே கேள்வியைக் கேட்டாள். பண்டிதர் ஆறு சமயங்களின் விடையையும் மளமளவென்று ஒப்பித்தார்.

"அதெல்லாம் கேட்டாச்சு சாமி. உங்களுக்கு என்ன தோணுது?"

ஓடம் நடு ஆற்றுக்கு வந்தது. அவர், "தெரியலையம்மா. மண்டபத்துல இதைப் பரீட்சைக்குத்தான் கேப்போம். தெரிஞ்சுக்கணும்னு யாரும் கேட்டதில்ல" என்றார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தரவை அங்கேயே ரத்து செய்துவிட்டு, "என்ன பரிசு வேண்டும், மாசிலானே?" என்றார்.

"ஒரு வாரம் தூங்க விடுங்கள், மகாராஜா. அது போதும்."

அக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள். தர்க்கசிகாமணி மட்டும் இறங்கவில்லை.

"என் மக போய் நாலு வருஷம் ஆச்சு" என்றார் பூவாயியிடம். "இன்னொரு தரம் கேளும்மா."

அவள் ஓடத்தைத் திருப்பினாள்.