தோன்றா எழுவாய்

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு மடம். அங்கே தையல்நாயகி அம்மை குரு. அவருடைய சீடர்களில் மூத்தவர் அம்பலவாணர். குருவைவிடச் சீடருக்குப் பதினான்கு வயது அதிகம். இதற்கு இலக்கணத்தில் தடையில்லை என்று அம்பலவாணரே சொல்லுவார்.

மடத்துக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் ஆசிரியர். மனைவி காலமான பிறகு தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ஒன்பது அடிக்கும்போது வகுப்புக்குள் நுழைவார். ஒரு நிமிடம் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

முதலில் கையில் பிரம்பு இருந்தது. ஒருநாள் அம்மை அதைக் கேட்டு வாங்கி, தோட்டத்தில் பாகற்கொடிக்கு ஊன்றிவிட்டார்.

"தப்பைப் பார்த்தால் வாய் திறக்கிறீர்கள். நல்லதைப் பார்த்தாலும் கொஞ்சம் திறந்து பாருங்களேன்."

அம்பலவாணர் திறந்தார். ஆனால் படித்தவர் அல்லவா, வெறுமனே திறக்க முடியுமா? 'சபாஷ்' பாரசீகத்திலிருந்து குதிரையேறி வந்த சொல், ஆகாது என்று தள்ளினார். நன்று, மிக நன்று, நனி நன்று என்று மூன்று படி வைத்தார். மிகவுக்கும் நனிக்கும் பொருள் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பழைய சொல்லுக்கு எடை கூட என்பது அவர் கட்சி. நனி நன்று பெற்றவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பிள்ளைகள் நனியை ஏதோ தின்பண்டம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

"அவனுக்கு மட்டும் ரெண்டு நனி குடுத்தீங்க. எனக்கு ஒண்ணுதானுங்களா?"

எப்படியோ, வகுப்பு அடங்கியது. கரும்பலகையைத் துடைத்தவன் துடைத்த கையோடு அவர் முகத்தைப் பார்த்தான்.

மாசாணி என்ற கடைசி வரிசைப் பெண் மட்டும் அடங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, செய்யுள் நடக்கும்போது, வகுப்புக்குள் ஆட்டை ஓட்டிவிட்டாள். ஆடு நேரே சுவருக்குப் போய்ப் பெயர்கள் எழுதிய தாளைத் தின்றது.

"என்ன வேலை இது, மாசாணி?"

"ஆட்டுக்குப் பசிங்கய்யா."

"அதில் உன் பெயர் இருந்தால் இப்படிச் செய்வாயா?"

"எம் பேரு எப்பங்கய்யா இருந்துச்சு?"

அன்று மாலை அம்பலவாணர் மூச்சு வாங்க மடத்துப் படியேறினார். அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெண்ணை இனி அனுப்ப வேண்டாம் என்று அவள் அப்பனிடம் சொல்லப்போகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும், அம்மா."

"அவள் செய்த நல்லது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையா?"

"இருந்தால்தானே படும்."

அம்மை நிமிரவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் யார் நிரப்புகிறார்கள்?"

அம்பலவாணர் யோசித்தார். "அது எப்போதும் நிறைந்துதான் இருக்கிறது."

"எழுவாய் இல்லாமலே பயனிலையா, புலவரே?"

"தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு, அம்மா," என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல். "வாக்கியத்தில் தெரியாது. ஆனால் இருக்கும்."

"உண்டல்லவா? நாளைக்கு விடியும்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் சம்மதம் தருகிறேன்."

மறுநாள் பனி விலகுமுன் அம்பலவாணர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். எஸ்டேட் லாரி வந்தது. மாசாணியை இறக்கிவிட்டு, அவள் அப்பனோடும் மற்ற ஆட்களோடும் மலையேறியது. அதன் சத்தம் ஓய்ந்த பிறகு அங்கே வேறு சத்தமே இல்லை.

அவள் குடத்தை எடுத்தாள். தொட்டிக்கும் பானைக்கும் மூன்று நடை நடந்தாள். பாய்களை உதறி வரிசையாக விரித்தாள். முந்தின நாள் ஆட்டுப் புழுக்கையைப் பெருக்கி அள்ளினாள். அவருடைய நாற்காலியைப் பாவாடை நுனியால் துடைத்தாள்.

பிறகு அவர் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டினாள். அவர் செருமுவதுபோலவே செருமினாள்.

"நன்று, மாசாணி," என்றாள், குரலைத் தடிப்பாக்கி.

சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்துகொண்டாள், அதைக் கேட்டுக்கொள்ள.

நனி போட்டுக்கொள்ளவில்லை.

அம்பலவாணருக்கு அது பழகிய குரல். ரசம் வாய்த்துவிட்ட நாட்களில், ஆளில்லாத அடுக்களையில், அவர் அதைத் தன் வாயிலிருந்தே கேட்டிருக்கிறார்.

மரத்தைவிட்டு ஓரடி எடுத்துவைத்தார். பிறகு திரும்பி, சத்தமில்லாமல் மடத்துக்கு ஏறினார்.

அம்மை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து வாசலும் பானையும் நன்றாகத் தெரியும்.

"எழுவாய் தோன்றிற்றா?"

"தோன்றிற்று."

"என்ன சொன்னீர்கள்?"

"நான் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை, அம்மா. அவளே சொல்லிக்கொண்டாள்."

"யார் குரலில்?"

அம்பலவாணர் மேல்துண்டை எடுத்து, மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"என் குரலில்."

"ஒன்பதுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது," என்றார் அம்மை. "உங்கள் குரல் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, புலவரே. நீங்கள் எப்போது போகிறீர்கள்?"