வேப்பமரத்துத் தலைவர்

ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வரவில்லை. மாவட்டக் கலைப் போட்டியோ பத்தாம் நாள், அதே பள்ளியில். இசை அறையில் இருந்த வாத்தியங்கள் ஒரு தலைவரைத் தேடின.

“இந்தப் பள்ளிக்கூடமே யார் பேச்சைக் கேட்குது?” என்றது ஆர்மோனியம். அதற்குக் காற்று கொஞ்சம் அதிகம். எதற்கும் முதலில் வாயைத் திறக்கும். “நம்ம மணி அண்ணன் பேச்சைத்தான். அவர் குரல் கொடுத்தா ஹெட்மாஸ்டரே டீயைப் பாதியில வெச்சிட்டு எந்திரிக்கிறாரு!”

மணி என்றால் வெண்கல மணி இல்லை. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பியூன் தங்கப்பழம் சுத்தியலால் தட்டினால் ஊருக்கே கேட்கும். வாத்தியங்கள் போய்க் கேட்டதும் அது ஒப்புக்கொண்டது. தேடி வந்த பதவியை வேண்டாமென்று சொல்ல அதற்கென்ன பைத்தியமா?

“ஒன்பது அடிச்சதும் எல்லாரும் இடத்துல இருக்கணும். அடுத்த நொடி பாட்டு. புரிஞ்சுதா?”

“எனக்கு இடது பக்கம் ரவை பிசைஞ்சு ஒட்டணும்ணே, அப்பத்தான் கும்முனு கேட்கும்,” என்றது மிருதங்கம்.

“எனக்கு அஞ்சு நிமிஷம் தீயில காயணும்ணே,” என்றது பறை. “மழைக்காலம். தோல் தொய்ஞ்சு கிடக்கு.”

“இருபத்தெட்டு வருஷமா மழையிலயும் வெயில்லயும் தொங்குறேன். ரவை கேட்டேனா, தீ கேட்டேனா? ஆளுக்கொரு சட்டமெல்லாம் இங்க கிடையாது.”

இந்த வருடம்தான் முதல்முறையாகப் பறையை மேடைக்குச் சேர்த்திருந்தார்கள். அதுவரை விளையாட்டுச் சாமான் அறையில், காற்றுப்போன கால்பந்துகளோடு கிடந்தது. மறுபடி அங்கே போக மனமில்லாமல் ஈரத்தோலோடே வரிசையில் போய் நின்றது.

ஒத்திகை நடந்தது. ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஒன்றாகத் தொடங்கின, ஒன்றாக நின்றன. இடையில் பாட்டுதான் இல்லை. மிருதங்கம் அரைகுறையாக முனகியது. பறை நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ‘தொப், தொப்’ என்றது.

எட்டாம் நாள் மணி தீர்ப்புச் சொன்னது. “பறைக்குச் சத்தமே வரல. நாளைக்கும் இப்படின்னா கால்பந்து ரூமுக்கே போயிடலாம்.”



மறுநாள் காலை ஒன்பது அடித்தபோது பறை இடத்தில் இல்லை. அது உருண்டு உருண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போயிருந்தது.

“அக்கா, பக்கத்துல கொஞ்சம் காஞ்சுக்கலாமா?” என்று அடுப்பைக் கேட்டது.

“உலை வெச்சிருக்கு, சூடு நல்லாவே இருக்கு. வா தம்பி. ரொம்ப ஒட்டாதே, கருகிடுவே!”

ஏழு நிமிடம் தாமதமாகப் பறை திரும்பியது.

“வெளியே போ!” என்று கத்தியது மணி.

“போறேண்ணே. ஒரே ஒரு அடி மட்டும் அடிச்சிட்டுப் போறேன்.”

அடித்தது. ஜன்னல் கம்பிகள் கிடுகிடுத்தன. வேப்பிலைகளில் தங்கியிருந்த மழைநீர் பொலபொலவென்று உதிர்ந்தது. சுத்தியல் சுவரோரம் சும்மா கிடக்க, தண்டவாளத் துண்டின் உடம்பு தானாக அதிர்ந்து ‘ம்ம்ம்’ என்றது.

இருபத்தெட்டு வருடத்தில் அடி வாங்காமல் அது குரல் எழுப்பியது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

“இன்னொரு அடி அடிப்பா,” என்றது மெதுவாக.

மறுநாள் போட்டி. விடிந்ததிலிருந்து தூறல். மணி அடித்தால் போட்டி தொடங்கிவிடும். சரியாக ஒன்பதுக்குத் தங்கப்பழம் சுத்தியலை ஓங்கினார். மணி ஒருபுறமாக ஒதுங்கியது. அடி வேப்பமரத்தில் விழுந்தது. மறுபடி ஓங்கினார். மறுபடி ஒதுங்கியது.

“என்னய்யா இது, காத்தே இல்ல, ஆடுது!” என்று தலையைச் சொறிந்தார் அவர். நடுவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் தங்கப்பழத்தை முறைத்தார். மணியோ சத்துணவுக் கூடத்துப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அந்தப் பள்ளியில், பறை காய்ந்து வந்த பிறகுதான் ஒன்பது மணி அடித்தது.