இரண்டு கேள்விக்கும் வராத படகு

புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. முத்தாங்குடித் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் கணினியில் ஒவ்வொரு படகுக்கும் ‘கரை சேர்ந்ததா?’ என்றொரு கட்டம் உண்டு. படகு வந்து சேர்ந்தால் அதில் ‘ஆம்’ என்று பதிவார்கள். இன்னும் கடலில் இருப்பதாக வயர்லெஸ்ஸில் சொன்னால் ‘இல்லை’. தகவலே வராத படகின் கட்டத்தை யாரும் தொடுவதில்லை.

“‘இல்லை’னு இருக்கிற படகையெல்லாம் காட்டுங்க,” என்றார் அதிகாரி தங்கத்துரை.

கணினியில் இருந்த யூசுப் தேடினான். திரையில் ஒரு படகின் பெயரும் வரவில்லை.

“அப்ப எல்லாரும் வந்தாச்சு. ரோந்துக் கப்பல் கிளம்ப வேண்டாம்னு சொல்லிடுங்க.”

வாசலில் நின்ற செலஸ்டினா உள்ளேயே வந்துவிட்டாள். “எங்க வீட்டுக்காரர் வரலை சார். சந்தனமாதா படகு. வயர்லெஸ்ஸும் எடுக்க மாட்டேங்குறாங்க.”

யூசுப்புக்கு மனம் கேட்கவில்லை. கேள்வியை மாற்றிப் போட்டான்: ‘ஆம்’ என்பதற்குச் சமமில்லாத படகுகள் எவை? அப்போதும் திரை வெறுமையாகவே இருந்தது.

“ரெண்டு விதமா கேட்டுப் பார்த்தாச்சும்மா. கரையில எங்கயாவது நிப்பார்,” என்றான்.

“வந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா சார்?” அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பக்கத்து இருக்கையிலிருந்து வான்மதி எழுந்து வந்தாள். “கொஞ்சம் நகருங்க யூசுப்.” மூன்றாவதாக ஒரு கேள்வியைத் தட்டினாள். ‘சந்தனமாதா’ என்ற பெயர் திரையில் வந்து நின்றது.

தங்கத்துரை உடனே வயர்லெஸ்ஸை எடுத்தார். கப்பலுக்கு அவரே தகவல் சொன்னார். பிற்பகலில், எஞ்சின் நின்றுபோன சந்தனமாதாவைக் கயிறு கட்டி இழுத்தபடி அது துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, கொட்டும் மழையில் கரையே ஆரவாரித்தது. படகில் போன எல்லாரும் உயிரோடு திரும்பியிருந்தார்கள். செலஸ்டினா கணவனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அப்புறம்தான் அழுதாள்.

“மிஷினே பொய் சொல்லிருச்சே!” என்றான் யூசுப்.

“அது பொய் சொல்லலை,” என்றாள் வான்மதி.

இருவரில் யார் சொன்னது சரி? ‘ஆம்’ அல்லாதவற்றைக் கேட்டும் சந்தனமாதா ஏன் திரையில் வரவில்லை? வான்மதி கேட்டதுதான் என்ன?

விடை: வான்மதி சொன்னதே சரி. வெற்றுக் கட்டத்துக்கு ‘இல்லை’ என்று பொருளல்ல. ‘தெரியாது’ என்று பொருள். தெரியாத ஒன்று ‘ஆம்’ என்பதற்குச் சமமா, சமமில்லையா? இரண்டுக்குமே கணினியின் பதில் ‘தெரியாது’தான். உறுதியாக உண்மை என்று தெரிவதை மட்டுமே அது எடுத்துக் காட்டும். அதனால் வான்மதி எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. “எந்தப் படகின் கட்டம் காலியாக இருக்கிறது?” என்று நேராகக் கேட்டாள்.