எட்டுப் பூச்சும் ஒன்பதாவது கிண்ணமும்

வருஷங்களுக்குப் பெயர் வைப்பதற்கும் முந்தைய ஒரு காலத்தில், பரிதிமாறன் என்றொரு மன்னன் ஒரு நாட்டை ஆண்டுவந்தான். அவன் அரண்மனையில் ஒரு வழக்கம். தினமும் காலையில் சபையின் எட்டுப் பிரதானிகளும் வரிசையில் வந்து, ஆளுக்கொரு பூச்சை அரசர் முகத்தில் தம் கையால் தேய்ப்பார்கள். அது பெரிய மரியாதை. ஒருவரை விட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று, மன்னன் கண்ணை மூடிக்கொண்டு எட்டையும் தாங்கிக்கொள்வான்.

ஒரு மாசியில் அவன் முகம் உரியத் தொடங்கியது. மூக்கோரம், நெற்றி, கன்னம் என்று தோல் செதில் செதிலாக எழுந்து, ஈசல் சிறகுபோல் மடியில் உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து விகடகவி இடும்பன் ஒரு வேடிக்கை சொன்னான். மன்னன் சிரித்தான். கன்னம் வெடித்து ரத்தம் கசிந்தது.

"இனி இந்தச் சபையில் எவரும் என்னைச் சிரிக்க வைக்கக் கூடாது!"

இடும்பனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். எண்மரில் முதல்வரான ராஜவைத்தியர் அரங்கநம்பிக்கு அவன் மேல் வெகுநாள் பொறாமை. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அரசே, சிரிப்பால் வந்த புண்ணைச் சிரிக்க வைத்தவனே ஆற்றட்டும். மண்ணிலும் மரத்திலும் மாட்டிலும் கடலிலும் கிடைப்பதையெல்லாம் நாங்கள் பூசிப் பார்த்துவிட்டோம். இவை எதிலும் சேராத மருந்தை அவன் கொண்டுவரட்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"பத்து நாள் தந்தேன்" என்றான் மன்னன், உதட்டை அதிகம் அசைக்காமல்.

இடும்பன் திருவிழாவில் தொலைந்தவன் மாதிரி விழித்தான். மருந்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. நேரே வைத்தியர் பூச்சு அரைக்கும் கூடத்துக்குப் போனான்.

"ஐயா, இந்த எலுமிச்சைச் சாறு எதற்கு?"

"எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க."

"எண்ணெய் எதற்கு?"

"கடலைமாவு தேய்த்த எரிச்சலை அடக்க."

"கடலைமாவு?"

"செதிலை உரிக்க."

"செதில் எதனால் வந்தது?"

வைத்தியரின் கையில் குழவி நின்றது. "எலுமிச்சைச் சாற்றால் தோல் கொஞ்சம் காய்ந்திருக்கலாம்... உனக்கெதற்கடா அதெல்லாம்? போய் மூட்டை கட்டு!"

எங்கே நுழைந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற தெருவில் நடந்தவனைப்போல வெளியே வந்தான் இடும்பன். கிணற்றடியில் முகம் கழுவினான். தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். வெறும் தண்ணீரைத் தவிர எதையும் அறியாத கன்னம். வழவழவென்று இருந்தது. இது எப்படி என்று வெகுநேரம் அங்கேயே நின்றான்.

மறுநாள் காலை, பட்டுத்துணி மூடிய ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு அரசர் முன் வந்தான்.

"அரசே, இதனோடு வேறு பூச்சு எதுவும் கலக்கக் கூடாது. பத்து நாளும் மற்ற எட்டுக் கிண்ணங்கள் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். தாங்களும் செதிலைக் கிள்ளக் கூடாது. குளிர்ந்த நீரால் மட்டும் அலம்பலாம்."

மன்னன் கண்ணை மூடினான். இடும்பன் கிண்ணத்துக்குள் விரலை விட்டெடுத்து, அந்த முகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் மெல்லத் தடவினான்.

"பூசியதே தெரியவில்லையே?"

"அவ்வளவு மென்மையான மருந்து, அரசே."

செய்வது சரிதானா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டாம் நாளும் செதில் உதிர்ந்தது. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் குறைந்தது. பத்தாம் நாள் மன்னன் முகம் குருத்து வாழையிலை மாதிரி இருந்தது.

அரங்கநம்பிக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்துவந்து கிண்ணத்தின் துணியை உருவினார்.

"பாருங்கள் அரசே, வெறும் கிண்ணம்! பத்து நாளாகத் தங்களை ஏமாற்றியிருக்கிறான்!"

மன்னன் உள்ளே எட்டிப் பார்த்தான். கவிழ்த்துப் பார்த்தான். "இடும்பா, இதில் ஒன்றுமே இல்லையே?"

"ஆம் அரசே. மண்ணிலும் மரத்திலும் மாட்டிலும் கடலிலும் சேராதது வேண்டும் என்றார் வைத்தியர். தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லாததுதான் அகப்பட்டது. இந்த எட்டுப் பேரில் ஒருவரும் தங்கள் முகத்தில் இதுவரை பூசாததும் அதுதான்."

மன்னன் வைத்தியரைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். உடனே பயந்துபோய்க் கன்னத்தைத் தொட்டான். ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாக இன்னொரு முறை சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டு, "இனி என் முகம் உன் பொறுப்பு" என்றான்.

மறுநாள் விடிந்ததும் அரசரின் அறைக்கதவைத் திறந்த இடும்பன் திகைத்து நின்றான். எட்டுப் பிரதானிகளும் ஆளுக்கொரு வெறுங்கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற அரங்கநம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தள்ளி நில்லடா. என்னுடையதை மூன்று முறை வடிகட்டியிருக்கிறேன்."