முன்னால் போகும் கார்

திம்பம் மலைக்கு மேலே கருங்கல் குவாரி வைத்திருந்தார் தெய்வசிகாமணி. சென்னியப்பனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய லாரி. அதற்கு முதலாளியும் அவன்தான், டிரைவரும் அவன்தான். மழை பிடித்ததிலிருந்து லோடு கிடைக்காமல் இருப்புக்கொள்ளாமல் அலைந்தவன், குவாரியில் கூப்பிட்டதும் ஓடி வந்தான்.

அவன் கண் முன்னாலேயே, வண்டி தாங்கும் எடைக்கு மேல் இன்னொரு பெரிய கல்லையும் ஏற்றினார்கள். டயர்கள் பிதுங்கின. சென்னியப்பன் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏனுங்க, இத்தனை பாரத்தோட மலை இறங்கினா பிரேக் நிக்காதுங்க."

"எல்லாம் நிக்கும். எனக்குத் தெரியாதா? பயமா இருந்தா கல்லை இறக்கிட்டுப் போ. இனி இந்தப் பக்கமே வராதே" என்றார் தெய்வசிகாமணி.

பேசிவிட்டு, சத்தியமங்கலம் போகத் தன் புதுக் காரில் ஏறினார். சென்னியப்பன் பின்னாலேயே ஓடினான்.

"ஒரே ஒரு உதவிங்க. மலை இறங்கற வரைக்கும் உங்க காரு என் லாரிக்கு முன்னால போகட்டுங்க. உங்களப் பார்த்தா எதிர்ல வர்றவன் ஒதுங்கி வழி விடுவான்."

குவாரி முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்கென்ன, வா!"

குவாரி வாசலில் லாரி உறுமிக்கொண்டு காருக்குப் பின்னால் ஒட்டி வந்தது. காரின் பின்பார்வைக் கண்ணாடியில் லாரியின் முகப்பு மட்டுமே தெரிந்தது. தெய்வசிகாமணி தலையை வெளியே நீட்டினார்.

"ஏப்பா, பிரேக் நிக்குமில்ல?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நிக்கும்னு நீங்க சொன்னதை நம்பித்தான் வர்றேன்."

கல் ஏற்றிய ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதலாளி காரிலிருந்து குதித்து இறங்கினார்.

"அந்தக் கல்லை இறக்குங்கடா!"

இறக்கினார்கள். அப்புறமும் அவர் சென்னியப்பனிடம், "நீ முன்னால போ, நான் மெதுவா வர்றேன்" என்றார்.