உமரி விதைக்கு உப்பைக் காட்டாத ஊர்

ஏமாங்கரை கடலோரத்து ஊர். அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள். அந்தக் கடைசிக் குணம்தான் கொஞ்சம் தொந்தரவு.

ஒரு புயலில் கடல் வயலுக்குள் வந்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் நெல்லும் முளைக்கவில்லை, புல்லும் முளைக்கவில்லை. ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. அப்போதுதான் வேளாண்மை அலுவலர் செண்பகவடிவு ஒரு பை உமரி விதையோடு வந்தார்.

“இது உப்பு மண்ணுலயே வளர்ற செடி. கீரையாச் சமைக்கலாம், ஆட்டுக்கும் போடலாம். ஆனா முளைக்கிற வரைக்கும் உப்பும் ஆகாது, சூடும் ஆகாது. உப்பைக் கண்டா விதை தூங்கிரும். நல்ல தண்ணியில கழுவி, குளிர்ச்சியா வச்சிருந்து, மழை விழுந்ததும் தூவுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஊர்த்தலைவர் கொம்பையா உடனே கூட்டம் போட்டார்.

“உப்பைக் கண்டா தூங்கிருமாம். நம்ம ஊர்ல எந்தப் பக்கம் பார்த்தாலும் உப்புதானே?”

யோசிக்கத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய லாசரு எழுந்தார். “அப்ப அது கண்ணுல படாம நாமதான் மறைக்கணும் அண்ணாச்சி.”

உப்பளத்தில் இருந்த குவியல்களை எல்லாம் ஓலை போட்டு மூடினார்கள். வீட்டு உப்பு ஜாடிகள் அரிசிப் பானைக்குள் ஒளிந்தன. ஊரே சப்பென்று சாப்பிட்டது. அப்பேர்ப்பட்ட குழம்பையும் யாரும் குறை சொல்லவில்லை. சொல்வதென்றால் உப்பு என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டுமே, அது விதையின் காதில் விழுந்துவிட்டால்?

ஆட்டுக்காரி சுடலி மெலிந்த ஆடுகளைப் பார்த்துவிட்டு, விதை இருந்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். லாசரு பதறிப்போய் ஓடி வந்தார்.

“ஏ சுடலி, கண்ணீர்ல என்ன இருக்குன்னு தெரியுமா? அழணும்னா பக்கத்து ஊருக்குப் போய் அழு!”

அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. பக்கத்து ஊர் வரைக்கும் நடந்து போய் ஆசை தீர அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள்.

உச்சி வெயிலில் கொம்பையா பையைத் தொட்டுப் பார்த்தார். “கொதிக்குதே! காய்ச்சல்டா!” ஈரத்துணி போட்டார்கள். விசிறினார்கள். சூடு தணியவில்லை. கடைசியில் வயல் வரப்பில் ஒரு அண்டாவை வைத்து, விதையைக் கொட்டி, நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அழுக்குத் தண்ணீரை வயலில் கவிழ்த்தார்கள். மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு, மறுபடி கவிழ்ப்பு. ஒருவழியாக எட்டிப் பார்த்தால் அண்டா காலி.

“விதை எங்கடா?”

லாசரு அண்டாவுக்குள் கையை விட்டுத் துழாவினார். “அண்ணாச்சி, இது முழுக்க அழுக்குதான் போல. கழுவக் கழுவப் போயிருச்சு.”

சுடலி இந்த முறை யாரும் சொல்லாமலே பக்கத்து ஊருக்குக் கிளம்பினாள்.

அன்றைக்கே வானம் இருண்டு மழை கொட்டியது. மழை விடாமல் பெய்து வயலின் மேல்மண்ணில் இருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. காற்றும் குளிர்ந்தது. கொஞ்ச நாளில் வயல் முழுக்கப் பச்சைப் பச்சையாக உமரி! செண்பகவடிவு வந்து பார்த்து அசந்துபோனார்.

“எப்படி இவ்வளவு பக்குவமா தூவினீங்க?”

“நாங்க எங்க மேடம் தூவினோம்? அழுக்கைத்தான் கொட்டினோம்” என்றார் கொம்பையா.

ஆடுகள் தின்று துள்ளின. சுடலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“நீங்களும் சமைச்சுச் சாப்பிடுங்க. செடி மண்ணு உப்பை இழுத்து வச்சிருக்கும், நிறையத் தண்ணியில அலசிட்டுச் சமைங்க” என்றார் செண்பகவடிவு.

நிறையத் தண்ணீர் கடலில்தானே இருக்கிறது? கூடை கூடையாகக் கொண்டுபோய் அலசினார்கள். லாசரு சந்தேகத்துக்கு ஒரு கை கடல் தண்ணீரை அள்ளிக் குடித்தார். முகம் வெளுத்தது.

“அண்ணாச்சி, கீரை உப்பு மொத்தமும் கடல்ல இறங்கிருச்சு! வாயில வைக்க முடியல.”

“நேத்து இப்படி இல்லையா?”

நேற்று யாரும் குடித்துப் பார்க்கவில்லை.

கொம்பையா நெஞ்சில் கை வைத்தார். “ஐயோ, உள்ள இருக்கிற மீனெல்லாம்?”

“இந்நேரம் கருவாடாயிருக்கும்.”

மறுநாள் ஏமாங்கரையில் யாரும் வலை எடுக்கவில்லை. கருவாடு அள்ள ஆளுக்கொரு சாக்கோடு கரையில் வரிசையாக நின்றார்கள். சுடலி மட்டும் கூடவே ஒரு பாயும் கொண்டு வந்திருந்தாள். கடலுக்குள்ளேயே ஆன கருவாடு, கொஞ்சம் ஈரமாகத்தானே இருக்கும்?